காற்சட்டை அளவு மாறவில்லை, வயிறு மாறிவிட்டது: ஆண்கள் அளக்க மறக்கும் இடம்

நான் குண்டான ஆள் இல்லை. உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. பதினைந்து வருடங்களாக 34 அங்குலக் காற்சட்டைதான். அதனால் 44 வயதாகியும் நிறையைப் பற்றி யோசித்ததில்லை. ஐந்து மாதங்களுக்கு முன் கிளினிக்கில் தாதி ஒருவர் வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தபோது 97 சென்ரிமீற்றர் காட்டியது. அதாவது 38 அங்குலம். காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கி அணிந்து என்னையே ஏமாற்றி வந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு 112. நீரிழிவுக்கு முந்தைய கட்டம் என்றார் வைத்தியர்.

அப்பாவும் மெலிந்த மனிதர்தான். அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது.

நிறை மட்டும் போதாது

உடல் திணிவுச் சுட்டி 25இற்குக் கீழ் இருந்தால் இயல்பு என்பது பொதுவான கணக்கு. ஆசியர்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது. என் சுட்டி 23.5. கை கால் மெலிந்திருந்தாலும் நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேர்கிறது. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். குருதி அமுக்கம், கொழுப்பு ஈரல், மாரடைப்பு என்று தொடரும். ஆண்மைக் குறைபாட்டுக்கும் இது ஒரு காரணம். வெட்கத்தால் பலர் அதை வைத்தியரிடம் சொல்வதில்லை.

எப்படி அளப்பது?

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை வெளியே விட்டு அளவைப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 எல்லை.

நான் மாற்றியவை

நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. கூட்டினால் 40 கிராமுக்கு மேல். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் அதை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கி, கீரை, பருப்பு, மீனைக் கூட்டினேன். இரவுக் கொத்துரொட்டி மாதம் ஒருமுறை. சந்தைக்கு மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளில் போகிறேன். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை என்பதே பரிந்துரை. நான் தோட்டம் கொத்துகிறேன்.

இப்போது வயிறு 92, நிறை 64. இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் குறைய வேண்டும். உடல் நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே சீனியும் குருதி அமுக்கமும் இறங்கத் தொடங்கும்.

அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்கிறார்கள். நான் போன நாளில் வரிசையில் நின்றவர்களில் அநேகர் பெண்கள். ஆண்கள் நாம் நோய் முற்றிய பிறகுதான் போகிறோம். வீட்டில் தையல் நாடா இருந்தால் இன்றிரவே அளந்து பாருங்கள்.