தாயம் விழாமல் காய் இறங்காது

பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு கிடையாது. லயத்து வாசலில் கரித்துண்டால் தாயக்கட்டம் போட்டுவிடுவார்கள். பாட்டியின் ஆட்டத்தில் ஒரு விதி கறாரானது: தாயம் விழாமல் காய் இறங்காது.

என் முதல் நாவலும் அப்படித்தான் கிடந்தது. சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றியது. குறிப்புகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. ஆள் மட்டும் எழுந்து நடக்கவில்லை.

சிரம்பானில் நண்பர்களோடு கதாபாத்திர விளையாட்டு ஆடப் போனது அந்தச் சமயத்தில்தான். 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்குத் தொடக்கம். ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இப்படி ஆடி எழுத்தாளர் ஆனவர்கள் உண்டு. அமெரிக்காவின் ரேமண்ட் ஃபைஸ்ட், கல்லூரி நண்பர்கள் விளையாட்டுக்காக உருவாக்கிய உலகத்தை வைத்துத்தான் 1982-இல் முதல் நாவல் ‘மெஜிஷியன்’ எழுதினார். ஆடிய கதையை அப்படியே எழுதவில்லை. அந்த உலகத்தின் பழங்காலத்துக்குப் போனார். ஜப்பானில் ரியோ மிசுனோ நடத்திய ஆட்டம் 1986 முதல் ஒரு பத்திரிகையில் உரையாடலாகவே தொடர்ந்து வந்தது; 1988-இல் அது அவருடைய முதல் நாவலானது.

நானும் துணிந்தேன். வருடம் 1943, இடம் ஒரு கித்தாத் தோட்டம். லாரி வந்து நிற்கிறது. “இப்போ நீ என்ன செய்யற?” என்று நண்பனைக் கேட்டேன். “காட்டுக்குள்ள ஓடறேன்” என்றான். பகடையில் ஆறு விழுந்தது. தப்பித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் கூசியது. பர்மாவுக்குள் வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டு, பல்லாயிரம் தமிழர்கள் செத்த கதை அது. அதில் ஆறு போட்டுத் தப்புவதா?

பாட்டிக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்கப்பாவும் ஓடியிருக்கலாம்யா. பின்னாலதான் காடு. ஓடியிருந்தா எங்கண்ணனப் புடிச்சிட்டுப் போயிருப்பான். அது தெரிஞ்சிதான் ஏறுனாரு.”

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ‘கொண்டு செல்லப்பட்டனர்’, ‘மாண்டனர்’ என்றே நம் வரலாறு எழுதப்படுகிறது. என் குறிப்புகளும் அப்படித்தான் இருந்தன. நடந்தது கொடுமை என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வாக்கியங்களுக்குள் முடிவெடுத்த மனிதர் யாரும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் நமக்கு ஏன் வேண்டியிருந்தன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பகடையை எடுத்து வைத்துவிட்டேன். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதை நான் இனாமாகக் கொடுப்பது பொய். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: இப்போ நீ என்ன செய்யற?

முதல் அத்தியாயத்தில் ஒரு மனிதர், மகனைத் திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறுகிறார்.