கொடிமலைக் காடும் குடியிருப்பும்

ஒரு நாட்டிற்கு அரண் எவை என்று வினவினால், கோட்டையும் மதிலும் என்றே பலரும் விடை பகர்வர். வள்ளுவரோ அரண் என்னும் அதிகாரத்தில் நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் ஒருங்கே எண்ணினார். பினாங்குத் தீவின் வரலாற்றை நோக்குவோர்க்கு அக்கருத்தின் உண்மை நன்கு விளங்கும்.

ஜார்ஜ் டவுன் நகரம் கடலோரச் சமவெளியில் அமைந்தது. அதன் பின்னே 833 மீட்டர் உயர்ந்து நிற்பது கொடிமலை. புக்கிட் பெண்டேரா என்னும் மலாய்ப் பெயருக்கும் அதுவே பொருள். தைப்பூசத்தன்று காவடிகள் செல்லும் இடத்தை, அருவி இருத்தலால், தண்ணீர்மலை எனத் தமிழர் வழங்கினர். நகருக்குக் காட்சியின்பமும் குடிநீரும் ஒருங்கே அளித்த இம்மலையில், எங்கே வீடு கட்டலாம், எங்கே காட்டை விட்டுவைத்தல் வேண்டும் என்பது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்காகும்.

காடு திருத்திய காலம்

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொணர்ந்தார். காட்டை வெட்டித் திருத்தியவர்க்கே நிலம் என்பது அவர் காட்டிய வழி. ஆகவே மரத்தை வீழ்த்துவதே நில உரிமைக்குச் சான்றாயிற்று. மிளகும் சாதிக்காயும் கிராம்பும் மலைச்சரிவுகளில் ஏறின.

லைட் காலத்திலேயே மலையுச்சிக்குப் பாதை வெட்டப்பட்டது. வெப்பத்தையும் நோயையும் அஞ்சிய ஆங்கிலேயர் உச்சியில் பங்களாக்கள் எழுப்பினர். உதகமண்டலத்தில் அவர்கள் வீடு கட்டியது 1820களில்தான். கொடிமலை அதற்கும் முற்பட்டது. இவ்வீடுகள் முகடுகளில் ஒன்றற்கொன்று எட்டி நின்றன. இடையே காடு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கடலைக் காண முடிந்தது. இதனைக் காட்டின்மேல் கொண்ட அன்பு என்று மட்டும் கொள்ளலாகாது. சுமந்து செல்வோரின் தோளை நம்பியே மேலே ஏற வேண்டியிருந்த காலத்தில், வீடுகள் பெருகுதற்கு வழியில்லை.

லோகனின் எச்சரிக்கை

காடழிவின் தீங்கை எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். சட்ட அறிஞராகிய அவர் 1847இல் தொடங்கிய ஆய்விதழில், அடுத்த ஆண்டே பினாங்கு மலைக்காடுகளின் அழிவைப் பற்றி எழுதினார். காடழிந்தால் தட்பவெப்பநிலை கெடும் என்பதும், அது சமுதாயம் முழுவதற்கும் உரியதாகலின் அதனைக் காப்பது அரசின் கடமை என்பதும் அவர் வாதம். 1849இல் சென்னையில் எட்வர்டு பால்பர் மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பினாங்கின் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் பொறுப்பேற்றார். அருவிப் பள்ளத்தாக்கில், கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தை அவர் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். ஒருமுறை புண்பட்ட நிலமும் திருந்தக்கூடும் என்பதற்கு அப்பூங்கா சான்று.

வழி எளிதானபின்

1923இல் மலை இரயில் ஓடத் தொடங்கியது. செல்வர்க்கே உரியதாயிருந்த உச்சி பொதுமக்களுக்கும் எட்டியது. இது நன்மையே. ஆயினும், வழி எளிதானால் கட்டடமும் எளிதாகும் அன்றோ?

1990இல் அச்சோதனை வந்தது. உச்சியில் விடுதிகளும் அடுக்கு வீடுகளும் கோல்ப் திடலும் அமைக்கும் பெருந்திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ‘பினாங்கு மலை நண்பர்கள்’ என்னும் கூட்டணியாக மக்கள் இயக்கங்கள் திரண்டு எதிர்த்தன. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை நடுவண் அரசின் துறை ஏற்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. வணிகக் கணக்கில் வராத ஊற்றுநீரும் மண்பிடிப்பும் பொதுமக்களின் கணக்கில் வந்தமையே அவ்வெற்றியின் காரணம்.

பின்னர், 2007இல் அரசிதழில் வெளிவந்த மாநிலக் கட்டமைப்புத் திட்டம் ஓர் எல்லையை வரைந்தது. கடல்மட்டத்திற்கு மேல் 76 மீட்டர், அஃதாவது 250 அடி உயரத்தைக் கடந்த நிலமும், 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலம் எனப்பட்டன. ஆயினும் ‘சிறப்புத் திட்டம்’ என்னும் விலக்கு அவ்வேலியில் ஒரு வாயிலாயிற்று. நகர் வளர வளர, கட்டடங்கள் சரிவை நாடின. 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். இரு வாரம் கழிந்ததும் பெருமழையால் தீவு வெள்ளத்தில் மூழ்கியது.

2021இல் கொடிமலையும் அதனைச் சார்ந்த காடும் கடற்பகுதியுமாக 12,481 ஹெக்டேர் பரப்பினை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

காட்சியை விரும்பி மேலே வீடு கட்டுபவர் சிலர். சரிந்த மண்ணையும் பெருகிய நீரையும் கீழே தாங்குபவர் பலர். மேலும், காட்டைக் காண வந்து காட்டையே வெட்டினால் காண்பதற்கு எஞ்சுவது என்ன? எனவே குடியிருப்பு வகுப்போர் முதலில் குறிக்க வேண்டியது வீட்டு மனையை அன்று. ஓடையையும் சரிவையும் விட்டுவைக்க வேண்டிய மரத்தையுமே. எஞ்சிய நிலமே மனைக்கு உரியது. 1848இல் லோகன் அரசின் கடமை என்று சுட்டியதும் இக்காவலையே.