முடிவுறாத கதையின் விசாரணை: விஞ்ஞானத் தொடர்களும் ரசிகர் வாதமும்

முற்றுப்பெற்ற நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் குணதோஷங்களை ஆராய்வதே விமர்சனம் என்று நம் பண்டிதர்கள் நெடுங்காலமாகக் கருதி வந்திருப்பதால், வாரம் ஓர் அங்கமாக வெளிவரும் கதையைப் பற்றி, அடுத்த அங்கம் வருவதற்குள் ரசிகர்கள் தமக்குள் நடத்தும் வாதப் பிரதிவாதங்களைச் சாமான்யமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. விஞ்ஞானக் கதைகளைப் பொறுத்தவரையில் அந்த வாதம், முடிந்த நூலின் விமர்சனத்துக்கு எட்டாத ஒரு காரியத்தைச் சாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் பட்சம்.

உதாரணமாகச் சுஜாதாவின் (1935–2008) ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராக ஒளிபரப்பான அக்கதை, 2021-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு நாட்டைக் கற்பிக்கிறது. பிரஜைகளின் பெயர் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவர். கணவன் சிபியைக் காணாமல் தவிக்கும் நிலாவும், அவள் வீட்டுக்கு வந்து சேரும் ரவியும், புத்தகம் படித்து மனிதரைக் கிண்டல் செய்யும் ஜீனோ என்ற இயந்திர நாயும் கதையை நடத்திச் செல்ல, அந்த ஜீவா மனிதரே அல்ல, வெறும் ஒளிப்பிம்பம் என்பது கடைசியில்தான் வெளிப்படுகிறது. இதை அறிந்தபின் நூலைப் படிப்பவர், ஜீவாவை ஆரம்ப முதலே ஒரு தந்திரமாகவே காண்பார். வாரந்தோறும் படித்தவருக்கோ அவர் ரத்தமும் சதையுமான சர்வாதிகாரி. அவரைக் கொல்வது தர்மமா என்ற கேள்வி அந்த வாசகருக்கு மெய்யான கேள்வி. கதை முடிந்த மறு நிமிஷமே அந்தக் கேள்வி செத்துவிடுகிறது. அதனை உயிரோடு விசாரித்தவர்கள் இடைப்பட்ட வாரங்களின் வாசகர்கள் மட்டுமே.

துப்பறியும் கதையிலும் இந்த இடைவெளி உண்டே என்று ஆட்சேபிக்கலாம். உண்டு, ஆனால் அங்கே கொலையாளி யார் என்பதுதான் தெரியாது, உலகத்தின் விதிகள் தெரியும். விஞ்ஞானக் கதையில் விதியே சந்தேகத்துக்குரியது. இயந்திர நாய் பொய் சொல்லுமா, அதற்குப் பயம் உண்டா என்று கேட்பவர், கதாசிரியர் இன்னும் எழுதாத ஒரு சாஸ்திரத்தின் சூத்திரங்களைக் கிடைத்த சில பக்கங்களிலிருந்து வருவிக்கிறார். காண்டல், கருதல் (அனுமானம்), உரை (ஆகமம்) என்று சைவ சித்தாந்திகள் வகுத்த அளவைகளில் இது நடுவிலுள்ள கருதலின் பாற்பட்டது.

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவதே கருதலுக்குத் தர்க்க நூலார் தரும் பழைய திருஷ்டாந்தம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், நாடு என்ற பெயர் தாங்கிய ஊர்த் தொகுதிகளுள் ஒன்றான குண்டனி நாட்டில் நின்று எதிர்மேட்டில் எழும் புகையைக் காண்பவர், நெருப்பு உண்டென்று துணிவதோடு நின்றுவிட மாட்டார். சருகு கொளுத்துகிறார்களா, காட்டுத் தீயா, காற்று எந்தப் பக்கம் என்று பக்கத்தில் நிற்பவரோடு தர்க்கிக்கத் தொடங்குவார். அந்தத் தர்க்கத்துக்குப் பயன் இருப்பதெல்லாம் நெருப்பை நேரில் காணும் வரையில்தான். வார இடைவெளியின் வாதமும் இவ்வகைப்பட்டதே.

அதே மலைக்குரிய கொல்லிப்பாவை, இந்த வாதம் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தால் என்ன நிகழும் என்பதற்குச் சாட்சி. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பரணர் காட்டும் பாவை, தெய்வம் ஆக்கிய அழகிய படிமம்; காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினாலும் தன் எழில் கெடாதது. அது சிரிப்பதும், அருகில் வந்தவர் உயிரை மாய்ப்பதும் பிற்கால மரபு விரித்துரைத்தவை. நம் காலத்தாரோ அதனைப் பழந்தமிழரின் இயந்திர மனுஷி என்றே மேடைகளில் முழங்குகின்றனர். பரணர் செய்யுளில் யந்திரத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று சொல்லவேண்டியது என் கடமை. எனினும், சொல்லாமல் விட்ட இடத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் அறிவுக்கு எட்டிய விதியால் நிரப்பியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ரசிகர் வாதத்தின் பலமும் பலவீனமும் அதுவே: அனுமானம் சிறிது அயர்ந்தால் ஆகமமாக வேஷம் போட்டுவிடும்.

வாதம் கதையையே பாதிக்கத் தொடங்கும்போது விஷயம் சிக்கலாகிறது. அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்த 1967–68-இல் ரசிகர்கள் குவித்த கடிதங்களை அடுத்து அத்தொடர் மூன்றாம் ஆண்டும் நடந்தது. நம் நாட்டில் 1988-இல், தூர்தர்ஷன் ராமாயணம் உத்தர காண்டத்தையும் காட்டவேண்டுமென்று வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தமே செய்தனர்; லவகுசர் கதையும் ஒளிபரப்பாயிற்று. இதற்கு மறுபுறமும் உண்டு: சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற சரித்திரத் தொடர், சாதி குறித்த எதிர்ப்பினால் சில வாரங்களிலேயே நின்று, பிற்பாடு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு தலைப்பில் மறுபிறவி எடுக்க நேர்ந்தது. இவற்றை ஒரே தராசில் நிறுத்தலாகாது. கதை தொடரட்டும் என்பது ரசிகரின் உரிமை. கதை நிற்கட்டும் என்பது விசாரணைக்கே விரோதம்.

மிக நுட்பமான சம்பவம் ‘பாபிலோன் 5’ என்ற விண்வெளித் தொடருக்கு நேர்ந்தது. அதன் ஆசிரியர் மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ரசிகர்களோடு தாமே உரையாடிய காலத்தில், பழைய நினைவுகள் அழிக்கப்பட்ட குற்றவாளி துறவியாக வாழும் ஓர் அங்கத்தை அவர் மனத்திற்கொண்டிருக்க, அதை ஒத்த யோசனையை ரசிகர் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கதைத் திருட்டு வழக்கு வருமோ என்ற அச்சத்தால் அங்கம் கிடப்பில் போடப்பட்டு, அந்த ரசிகர் உரிமை கோருவதில்லையென எழுதிக் கொடுத்தபின்பே 1995-இல் வெளிவந்தது. ரசிகரின் கருதல் அவ்வளவு செம்மையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? அனுமானத்தின் வெற்றியே கதைக்கு இடையூறாயிற்று.

இன்று ஒரு பருவத்தின் எல்லா அங்கங்களையும் ஒரே நாளில் வெளியிடும் முறை பரவிவிட்டது. ஓரிரவில் பார்த்து முடிப்பவருக்குக் கருதுவதற்கு அவகாசமே இல்லை. ஆராய்ச்சியாளருக்கு அதைவிடப் பெரிய இடர், பழைய வாதங்கள் காக்கப்படாமையே. நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார்கள். கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் அச்சான ஜோக்கும் சோப்பு விளம்பரமும்கூட அந்தப் புண்ணியத்தில் பிழைத்தன. வாசகர் கடிதப் பக்கம் மட்டும் பழைய பேப்பர்க்காரரிடம் போயிற்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முழு இதழ்களாகக் கிடைக்கும் வரிசைகளிலிருந்து அக்கடிதங்களைத் தொகுத்து, எந்த அத்தியாயத்துக்குப் பின் எழுதப்பட்டவை என்ற வரிசையில், விஞ்ஞானத் தொடர்கதை ஒவ்வொன்றின் பதிப்போடும் அனுபந்தமாகச் சேர்க்கவேண்டும். ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்கலாம்.