ஒரு வேற்றுமை உருபும் ஒரு துறவியும்

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கோர்ட்டில் எழுத்தர் வேலை. நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக தேவாலயம் போனபோது, விசுவாசத்தினால் தேவநீதியைப் பெற்றுக்கொள்வது பற்றிப் போதகர் பேசினாராம். "நீதியைக் கேட்கலாம், வழங்கலாம். அதை ஒருத்தர் வாங்கிக்கொண்டு போக முடியுமா சார்? எங்க கோர்ட்ல அந்த வார்த்தையைக் கேட்டாலே ஜனங்க நடுங்குறாங்க" என்றார்.

நல்ல கேள்வி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் செய்த கேள்வியும் இதுதான். அவரும் சட்டம் படிக்கப் போனவர்தான்.

1505 ஜூலையில், ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகருக்குத் திரும்பும் வழியில், 21 வயது மார்ட்டின் லூதர் இடிமின்னலில் சிக்கிக்கொண்டார். உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். இரண்டே வாரத்தில் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்துவிட்டார். மகன் வக்கீலாவான் என்றிருந்த அப்பாவுக்குக் கடுங்கோபம்.

மடத்தில் நோன்பு, கண்விழிப்பு, பாவ அறிக்கை எல்லாவற்றிலும் லூதர் ஒரு படி அதிகம். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு வந்தாலும், சொல்லாமல் விட்டது ஏதாவது நினைவுக்கு வந்துவிடும். அவருடைய ஆன்மிக வழிகாட்டி ஸ்டௌபிட்ஸ் பொறுமைசாலிதான், ஆனால் அவரே சலித்துப் போனார்.

இந்தப் பயம் வெறும் மனக்கோளாறு அல்ல; அதற்குப் பின்னால் ஒரு பாடம் இருந்தது. லூதர் மாணவராக ஊன்றிப் படித்தவர் காபிரியேல் பீல் என்ற இறையியலாளர். உன்னால் முடிந்ததை நீ செய்தால் கடவுள் தம் கிருபையை மறுக்கமாட்டார் என்பது பீலின் போதனை. எங்கள் ஆசிரியர் பாஷையில் சொன்னால் கருணை மதிப்பெண். பையன் முயன்று 30 வாங்கட்டும், மீதி 5-ஐ நாம் போட்டுவிடலாம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னால் முடிந்தது முழுவதையும் செய்துவிட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? லூதர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

1512-ல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமப் பேராசிரியரானார். ரோமர் நிருபம் முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தில், நற்செய்தியில் 'கடவுளுடைய நீதி' வெளிப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார். அந்தத் தொடரையே தாம் வெறுத்ததாக லூதர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கட்டளைகளைக் கொண்டு தண்டிப்பது போதாதென்று நற்செய்தியிலுமா கோபம் என்பது அவர் ஆற்றாமை.

இங்கே என் பழைய தமிழ் வகுப்பைக் கொஞ்சம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள். அது இரண்டு வகை. 'சாத்தனது கை' என்றால் தற்கிழமை. பிரித்துக் கொடுக்க முடியாது. 'சாத்தனது பசு' என்றால் பிறிதின்கிழமை. இன்னொருவர் தொழுவத்துக்குப் போகலாம். லத்தீன் இலக்கணத்தில் இந்தப் பெயர்கள் இல்லை, ஆனால் சிக்கல் இதேதான். லூதர் 'கடவுளுடைய நீதி'யைத் தற்கிழமையாகவே படித்துப் பழகியிருந்தார்: கடவுளிடம் உள்ள குணம், அதைக்கொண்டு அவர் பாவியைத் தண்டிக்கிறார். குணத்தைத் தற்கிழமையில் வைப்பதுதானே நம் நன்னூலுக்கும் வழக்கம்!

இரவும் பகலும் யோசித்து, வசனத்தின் பிற்பகுதியோடு சேர்த்துப் படித்தபோது பொருள் திரும்பியது. அது கடவுள் கொடுக்கும் நீதி. மனிதன் விசுவாசத்தால் கைநீட்டி வாங்கிக்கொள்வது. முப்பதுக்கு மேல் போடும் ஐந்து அல்ல. கிறிஸ்துவின் நீதி முழுவதும் இவன் கணக்கில் சேர்கிறது. சொர்க்கத்தின் கதவு திறந்தது போல இருந்ததாம். பிறகு அகுஸ்தீனைப் புரட்டினால், அவரும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார்.

இது எந்த ஆண்டு நடந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. 1545-ல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, தம் லத்தீன் நூல்தொகுப்பின் முன்னுரையில் லூதர் இதை 1519-ஐ ஒட்டி வைக்கிறார். 1515, 16-இல் நடத்திய ரோமர் விரிவுரைகளிலேயே சாயல் தெரிகிறது என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியென்று படுகிறது. வகுப்பெடுக்கும்போதுதான் பல விஷயங்கள் நமக்கே புரிகின்றன.

மாணவர் விடவில்லை. "வாங்கியாச்சுன்னா அப்புறம் எதுக்கு சார் நல்லது செய்யணும்?" லூதரையும் இதே கேள்வி துரத்தியது. 1520-ல் கிறிஸ்தவ விடுதலை பற்றி எழுதிய சிறு நூலில் பதில் சொன்னார்: கனி மரத்தை நல்லதாக்குவதில்லை, நல்ல மரம்தான் நல்ல கனி தருகிறது. எதிர்த்தரப்புக்கு இது போதவில்லை. 1547-ல் திரெந்து பொதுச்சங்கம், நீதி கணக்கில் எழுதப்படுவது மட்டுமல்ல, மனிதனை உள்ளுக்குள் உண்மையிலேயே மாற்றுவது என்று வலியுறுத்தி, விசுவாசம் மட்டும் போதும் என்பதைக் கண்டித்தது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த வழக்கு பிறகு 450 ஆண்டுகள் நீண்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நாம் ஏற்கப்படுவது நம் தகுதியால் அல்ல, கிருபையால் என்பதில் இருவரும் ஒன்று என்றார்கள். மிச்ச வேறுபாடுகளையும் அதிலேயே மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

"450 வருஷமா? எங்க கோர்ட்டே பரவாயில்ல சார்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.