தலைமை நீதிபதி பதவியை விலையாகக் கேட்ட தீர்ப்பு: நீதிபதி எச்.ஆர்.கன்னாவின் வாழ்வும் பணியும்

புதுடெல்லி: நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட உரிமை உண்டு என 1976-ல் தனித்து நின்று தீர்ப்பளித்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹன்ஸ் ராஜ் கன்னா. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வில் அவரது கருத்து சிறுபான்மையாக நின்றது. அடுத்த ஆண்டே தலைமை நீதிபதி பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. எனினும், 41 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய பயணம்

1912 ஜூலை 3-ம் தேதி அமிர்தசரஸில் பிறந்த கன்னா, லாகூரில் சட்டம் பயின்று, சொந்த ஊரிலேயே வழக்கறிஞராகப் பணியைத் தொடங்கினார். அவரது தந்தையும் வழக்கறிஞரே. 1952-ல் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதியாக நியமிக்கப்பட்ட கன்னா, 1962-ல் பஞ்சாப் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1969-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும், 1971 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் பொறுப்பேற்றார்.

கேசவானந்த பாரதி வழக்கு

அரசியல் சாசனத்தைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி. 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1973 ஏப்ரல் 24-ம் தேதி தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் வரம்பு உண்டு என்றும், ஆறு பேர் இல்லை என்றும் இரு அணிகளாக நின்ற நிலையில், கன்னாவின் கருத்தே முடிவைத் தீர்மானித்தது. சாசனத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம்; ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என்றார் அவர். இக்கோட்பாடு இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

அத்தீர்ப்பு வெளியானதை அடுத்து, அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மூன்று மூத்த நீதிபதிகளைக் கடந்து ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அரசின் அதிருப்தி எத்தகைய விளைவைத் தரும் என்பதைக் கன்னா நேரில் கண்டிருந்தார்.

ஜபல்பூர் வழக்கு

1975 ஜூன் 25-ம் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் உள்ளிட்டோர் மிசா சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டனர். அரசியல் சாசனத்தின் 14, 21, 22 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைக் கோரி நீதிமன்றம் செல்வதைக் குடியரசுத் தலைவரின் உத்தரவு நிறுத்தி வைத்தது. இருப்பினும், ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு எனப் பல உயர் நீதிமன்றங்கள் கூறின. அவற்றை எதிர்த்து அரசுத் தரப்பு தாக்கல் செய்த மேல்முறையீடுகளே, ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்காக உச்ச நீதிமன்றத்தை அடைந்தன.

சொந்தப் பகைமையால் காவல் அதிகாரி ஒருவர் ஒருவரைக் கொன்றால், அதற்கும் பரிகாரம் கிடையாதா என விசாரணையின்போது கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயின் பதிலாக இருந்தது.

1976 ஏப்ரல் 28-ம் தேதி, தலைமை நீதிபதி ரே, எம்.எச்.பேக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி ஆகிய நால்வரும் அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா மட்டும் மாறுபட்டார். வாழ்வுரிமைக்கு 21-வது பிரிவு மட்டுமே ஆதாரம் அன்று; சாசனம் இயற்றப்படுவதற்கு முன்பும் சட்டத்தின் அனுமதியின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் அரசு பறிக்க முடியாது என்ற நெறி இருந்தது என்பதே அவரது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பால் தலைமை நீதிபதி பதவியை இழக்க நேரிடும் என்பதை முன்கூட்டியே தம் சகோதரியிடம் தெரிவித்ததாகத் தன்வரலாற்று நூலில் கன்னா குறிப்பிட்டுள்ளார். அவ்வாறே 1977 ஜனவரியில், பணிமூப்பில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பேக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

பிற்காலம்

பின்னர் சட்ட ஆணையத் தலைவராகப் பணியாற்றிய கன்னா, 1979-ல் சரண் சிங் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகப் பொறுப்பேற்று, சில நாட்களிலேயே விலகினார். 1982 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகப் போட்டியிட்டு, ஜைல் சிங்கிடம் தோல்வியுற்றார். 1999-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2008 பிப்ரவரி 25-ம் தேதி தமது 95-வது வயதில் காலமானார்.

உச்ச நீதிமன்றத்தின் 2-ம் எண் நீதிமன்ற அறையில், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவரது உருவப்படம் வைக்கப்பட்டது. அவருடைய சகோதரரின் மகன் சஞ்சீவ் கன்னா, 2024 நவம்பரில் இந்தியத் தலைமை நீதிபதியானார்.

சட்டமாக மாறிய மாறுபட்ட கருத்து

1978-ல் நிறைவேற்றப்பட்ட 44-வது அரசியல் சாசனத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை நிறுத்தி வைக்க இயலாது என வரையறுத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பில் இணைந்திருந்த பகவதி, 2011-ல் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, அந்தரங்க உரிமை தொடர்பான புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் தீர்ப்பை ரத்து செய்தது. அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய டி.ஒய்.சந்திரசூட், 1976-ல் பெரும்பான்மையுடன் நின்ற ஒய்.வி.சந்திரசூட்டின் மகன் ஆவார். தந்தை உள்ளிட்ட நால்வரின் தீர்ப்பில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாகவும், கன்னாவின் நிலைப்பாடே சரியானது எனவும் அவர் பதிவு செய்தார்.

நெருக்கடி நிலையை அறிவிக்கும் அதிகாரம் இன்றும் சாசனத்தில் உள்ளது. ஆனால், அதைக் காரணம் காட்டி, காவலில் உள்ள ஒருவரின் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் நீதிமன்றத்தில் பதில் கூற மறுக்க எந்த அரசாலும் இயலாது.