ஒன்றே முக்கால் ரூபாய்

ஒன்றே முக்கால் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? 1878-ஆம் ஆண்டு சென்னையில் ஆறு இளைஞர்கள் அந்தத் தொகையைக் கடன் வாங்கி ஒரு பத்திரிகையே ஆரம்பித்துவிட்டார்கள்! ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்லப் பிறந்தது 'ஹிந்து'. முதல் இதழ் 80 பிரதிகள்.

ஆனால் அது இங்கிலீஷ் பத்திரிகை. சர்க்காரின் காதில் விழுந்தால் போதுமா? வரி கொடுக்கிற குடியானவனுக்குப் புரிய வேண்டாமா? அந்த அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரை இந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 1882-இல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார்.

இன்று நம் கையில் ஓட்டு இருக்கிறது. விஷயம் தெரியாமல் போடும் ஓட்டு விலாசம் எழுதாத கடிதம் மாதிரி. பெட்டியில் விழும், போய்ச் சேராது. ஆகையால் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் முதலில் ஒன்று பார்க்கிறேன்: இது யாரிடம் பேசுகிறது?