நெற்றி விளக்கும் மோட்டார் விளக்கும்



பொழுது விடியுமுன் பால்மரங்களுக்கு இடையே நிரை நிரையாக விளக்குகள் நகர்ந்து செல்லும் காட்சியை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ந்த வேளையில்தான் பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு நிற்கும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆகவே இருட்டிலேயே கத்தியை எடுத்தாக வேண்டும். அதற்குத் துணை நின்றவற்றுள் ஒன்று கார்பைடு விளக்கு. இன்று ஸ்ரீ கெம்பாங்கான் சாலையில் எதிரே வந்து நம் கண்ணைக் கூச வைக்கிறதே, அந்தக் கார் விளக்கின் மூதாதையும் இதுதான் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும்.

முதன்முதலில் ஓடிய மோட்டார் வண்டிகளுக்கென்று தனி விளக்கு கிடையாது. குதிரை வண்டியில் தொங்கிய எண்ணெய் விளக்கையே எடுத்து மாட்டினார்கள். வண்டியின் வேகத்துக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. காற்றும் மழையும் அதை அணைத்துவிடும்.

1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்னும் கனடா நாட்டவர், மின்சார உலையில் சுண்ணாம்பையும் நிலக்கரித் தாரையும் காய்ச்சினார். அவர் எதிர்பார்த்தது வேறு. கிடைத்ததோ சாம்பல் நிறக் கல். அதன்மீது தண்ணீர் பட்டதும் ஒரு வாயு பொங்கிற்று. அதுவே அசிட்டிலின். தீக்குச்சியைக் காட்டினால் வெண்மையாகவும் பிரகாசமாகவும் எரியும். அந்தக் கல்தான் கார்பைடு. விளக்கின் அமைப்பு மிக எளிது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல். திருகைத் திறந்தால் நீர் சொட்டுச் சொட்டாக விழும். வாயு மெல்லிய துளை வழியே வெளிவந்து எரியும். பின்னால் உள்ள பளபளப்பான தகடு ஒளியை முன்னே தள்ளும். எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது சுண்ணாம்புக் கூழ். அதன் பூண்டு வாடையைப் பழகியவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இந்த விளக்கு சைக்கிளுக்கு வந்தது, சுரங்கத்துக்கு வந்தது, காருக்கும் வந்தது. 1908இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட பெயர்பெற்ற 'டி' வகைக் காரின் முன் விளக்குகள் அசிட்டிலினால் எரிந்தவையே. அத்தகைய கார்கள் பெருகப் பெருக டயர் வேண்டியிருந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை எகிறியபோது, கிள்ளானைச் சுற்றிலும் சிலாங்கூரின் பிற பகுதிகளிலும் தோட்டங்கள் விரிந்தன. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்தனர். அவர்கள் வெட்டிய பால் எந்தக் காரின் சக்கரமாக உருண்டதென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

அசிட்டிலின் பொல்லாத வாயுவும் கூட. அழுத்தி அடைத்தால் வெடிக்கும். அதைப் பத்திரமாகச் சிலிண்டரில் அடைக்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டு குஸ்தாவ் டாலேன். ஆள் இல்லாமலே இரவில் எரிந்து பகலில் அணையும் கலங்கரை விளக்கமும் அவர் படைப்புத்தான். 1912இல் சோதனை ஒன்றில் சிலிண்டர் வெடித்து அவருடைய இரு கண்களும் போயின. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நேரில் போய்ப் பெற இயலாத நிலையில், அவர் சார்பில் பரிசை வாங்கியவர் அவருடைய சகோதரர். அவரோ கண் மருத்துவர்! பார்வை போன பிறகும் டாலேன் தம் நிறுவனத்தை 1937இல் இறக்கும்வரை நடத்தினார்.

அதே 1912இல் காடிலாக் கார்கள் மின் விளக்குடன் வந்தன. காரில் வாயு விளக்கின் காலம் அதன்பின் விரைவாகவே முடிந்தது.

ஆனால் மின் விளக்கு ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தது. அதுவரை 'எனக்குத் தெரியவில்லையே' என்பது ஓட்டுபவரின் கவலை. இப்போது 'எதிரே வருபவனுக்குக் கண் தெரியாமல் போகிறதே' என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய கண்ணில் திடீரென வெளிச்சம் அடித்தால் சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறார். மூன்று விநாடி கண் மயங்கினால் 66 மீட்டர் தூரம் குருடராக ஓட்டுகிறார் என்று பொருள். 1924இல் ஜெர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் ஒரே பல்பில் இரண்டு இழைகளை வைத்து விற்பனைக்கு விட்டது. ஒன்று தூரத்துக்கு, மற்றொன்று பக்கத்துக்கு. எதிரே வண்டி வந்தால் ஒளியைத் தாழ்த்தும் பழக்கம் எளிதாயிற்று. பின்னர் தாழ்த்திய ஒளியையும் சாலையோரப் பக்கமாகச் சாய்த்து அமைத்தார்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே ஒளி இடப்பக்கம் நீள வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை வாங்கி மாட்டினால் அது எதிரே வருபவர் முகத்தில்தான் அடிக்கும்.

நம் மக்கள் பலருக்குக் கார் எட்டாத காலத்தில் மோட்டார் சைக்கிள்தான் வாகனம். தோட்டத்திலிருந்து பட்டணத்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்களும் அதில்தான் போனார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது கசப்பான உண்மை. இங்கேதான் விளக்கின் வரலாறு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கை எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஜூலையில் பிரச்சாரம் தொடங்கி, செப்டம்பரில் கட்டாயமாக்கியது. பட்டப்பகலில் விளக்கா என்று கேட்கத் தோன்றும். மோட்டார் சைக்கிள் ஒடுக்கமான வண்டி. சந்திப்பில் திரும்பும் கார்க்காரர் அந்தப் பக்கம் பார்த்தும் அதைக் காணாமல் விடுவதுண்டு. எரியும் விளக்கு கண்ணைத் தானே இழுக்கும்.

செர்டாங்கில் உள்ள, அந்நாளில் விவசாயப் பல்கலைக்கழகம் என்றிருந்த புத்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராடின் உமார் குழுவினர், சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த விபத்துகளைக் கணக்கிட்டார்கள். மோட்டார் சைக்கிள் கண்ணில் படாததால் நேர்ந்த விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. செலவு என்று பார்த்தால், வண்டியில் ஏற்கெனவே இருந்த பல்புதான்.

முன் விளக்கு எதிரே வருபவருக்கும் குறுக்கே வருபவருக்கும் நம்மைக் காட்டுகிறது. பின்னால் வரும் லோரிக்காரர் காண்பதோ சிறு சிவப்பு விளக்கொன்றைத்தான். அது அணைந்திருந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. மழை இரவில் கறுப்பு மழைச்சட்டையும் சேர்ந்துகொண்டால் லோரிக்காரருக்கு ஆளே தெரியாது. வேலை முடிந்து கிளம்புமுன் வண்டிக்குப் பின்னால் ஒரு முறை சுற்றி வந்து பார்த்தால் போதும்.